பெயரைத் தேடி வந்த ஆறு

"டாம் எண்டால் அணை மச்சான். அணை எண்டால் ஆறு இருக்கோணும். இஞ்சை ஆறு எங்கை?"

இறங்குதுறையில், எங்கள் தீவின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தன் நண்பரிடம் இப்படிக் கேட்டார். நண்பர் வாயில் இருந்த ஐஸ்பழத்தை எடுக்காமலே, "பேரை வைச்சவன் ஆத்தை அனுப்ப மறந்திட்டான் போலை" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள், படகில் ஏறினார்கள், போய்விட்டார்கள். பலகையின் மறுபக்கத்து நிழலில் அலுவலகக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அவர்கள் பார்க்கவில்லை. என்னைப் பொதுவாக யாரும் பார்ப்பதில்லை. ஒன்பது நாட்களுக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறு வந்தது.

எங்கள் தீவுக்கு அரசாங்கக் கடிதங்களில் ஸ்கீடாம் என்று பெயர். ஒல்லாந்தர் இந்தக் கடலுக்கு வந்தபோது தங்கள் ஊர் நினைப்பில் நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றும் காரைதீவை ஆம்ஸ்டர்டாம் என்றும் வேலணையை லைடன் என்றும் எழுதிக்கொண்டு போனார்கள், கடைசியில் மிஞ்சிக் கிடந்த எங்கள் சின்னத் தீவுக்கு மிஞ்சிக் கிடந்த ஒரு ஊரின் பெயரை வைத்தார்கள். மற்றத் தீவுகளில் சனங்கள் தங்கள் பழைய பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒல்லாந்தரின் பெயர் பெரும்பாலும் வரைபடத்தோடு நின்றுவிட்டது. எங்கள் தீவில் பெரியவளவுக்காரர் பெருங்கிணற்றுத்தீவு என்றார்கள், மேற்குக்கரை மீன்பிடிக்காரர் சங்குமுனை என்றார்கள், உவரடியில் இருந்த எங்கள் ஆட்கள் உவர் என்று மட்டும் சொன்னார்கள், ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் தன் வாயால் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தார்கள். வந்த ஒவ்வொரு அதிகாரியும் மூன்று பெயர்களையும் கேட்டுக் களைத்து, வரைபடத்தில் இருந்ததையே எழுதிவிட்டுப் போனார். இப்படித்தான் ஒரு ஆற்றங்கரை ஊரின் பெயர், ஆறே இல்லாத எங்களிடம் முந்நூறு வருடம் தங்கியது.

கம்பஸில் படித்தபோது நூலகத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து ஒல்லாந்து ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்திருக்கிறேன். ஆம்ஸ்டெல் ஆற்றில் அணை கட்டியதால் ஆம்ஸ்டர்டாம். ரொட்டே ஆற்றில் கட்டியதால் ரொட்டர்டாம். ஸ்கீ என்ற ஆற்றில் கட்டியதால் ஸ்கீடாம். டெல்ஃப்ட் என்றால் தோண்டியது, யாரோ மண்வெட்டி பிடித்து வாய்க்கால் தோண்டிய இடம். தண்ணீருக்குள் கிடந்த நாட்டில், தண்ணீரோடு மனிதக் கைகள் செய்த வேலையே ஊருக்குப் பெயராகியிருந்தது. எனக்கு அதைப் படித்ததும் பொறாமையாக இருந்தது, பிறகு கோபமாக இருந்தது. ஏனென்றால் எங்கள் தீவின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தோண்டியவர்களும் உவரடியின் ஆட்கள்தான், அந்தக் கிணற்றுக்குப் பெயர் பெரியவளவுக் கிணறு.

தீவில் மற்ற எல்லாக் கிணறுகளும் உப்பு. பெரியவளவுக் கிணறு மட்டும் எந்தக் கோடையிலும் இனிக்கும். அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மதில். மதிலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஓட்டை, ஓட்டையில் தண்ணீர் வந்து விழ ஒரு பீலி. உள்ளே நின்று பெரியவளவுக்காரர் அள்ளி ஊற்ற, வெளியே நின்று நாங்கள் பீலிக்குக் குடத்தைப் பிடிக்க வேண்டும். குடம் பீலியில் முட்டக்கூடாது. ஊற்றுகிறவரின் முகம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் முகம் அவருக்குத் தெரியாது, ஆனால் அவர் எல்லாரையும் இருமலை வைத்தே அறிந்துவைத்திருந்தார். போர் முடிந்து எல்லாரும் தீவுக்குத் திரும்பி வந்தபோது பழைய கல் பீலி உடைந்துபோயிருந்தது. இனி அந்த வழக்கம் இருக்காது என்று நாங்கள் நினைத்தோம். ஒரு வாரத்தில் பிளாஸ்டிக் குழாய் வைத்துப் புதுப் பீலி போட்டார்கள். "உங்களுக்கு வசதியாய் இருக்கும்" என்றார்கள்.

அந்த மதிலைக் கட்டியவர் என் அப்பா. பீலிக்கு ஓட்டை விட்டதும் அவர்தான். மதில் வேலையின்போது கப்பி இறுகிப்போனதென்று சொல்லி, கிணற்று வாயின் குறுக்கே போட்டிருந்த பலகையில் ஏறி நின்று அப்பா அதைத் தட்டிக் கொடுத்தாராம். கப்பி ஓடத் தொடங்கியது. அடுத்த நாள் பெரியவளவுக்காரர் அந்தப் பலகையைக் கழற்றி, பிளந்து, அடுப்பில் வைத்துவிட்டார்கள். அப்பா இதை ஒரு பகிடியாகத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "என்ர கால் பட்ட பலகையிலைதான் அவைக்குச் சோறு வெந்தது" என்று சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரித்ததில்லை.

அம்மாவின் பெயர் ரஞ்சிதம். உவரடியில் பீலிக்குக் குடம் பிடிப்பதில் அவளைப்போல ஒழுங்கான ஆள் கிடையாது, ஒரு சொட்டுச் சிந்தமாட்டாள், ஒரு சொல் பேசமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, யாருக்கும் சொல்லாததுபோல, "சாகமுதல் ஒருக்கா என்ர கையாலை அள்ளிக் குடிக்கோணும்" என்றாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஆறு வந்த காலை நாங்கள் எல்லாரும் பீலியடியில் வரிசையாக நின்றோம். இறங்குதுறைப் பக்கம் இருந்து பூரணம் மாமி ஓடிவந்தாள். அப்பாவின் தங்கை, தீவிலேயே பெரிய தொண்டைக்காரி. "ஆறு வருதடி, குடத்தைத் தூக்குங்கோ!" என்று கத்தினாள். யாருக்கும் ஆச்சரியமில்லை. பஸ் வருகிறது என்று சொன்னால் எப்படிப் பையைத் தூக்குவோமோ அப்படிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். கடலுக்குள் இருந்து எழும்பி, பெயர்ப்பலகையின் கால்களுக்கு நடுவால் கரையேறி, தாழம்புதர்களை ஒதுக்கி, சந்தைக்கு முன்னால் மரியாதையாக வளைந்து, பள்ளிக்கூடத்து வேலியை ஒட்டி, உவரடியின் நடுவால், அது கிழக்குக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பால் விடாத தேநீரின் நிறம். கை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர். பல வருடம் ஊறி அழுகிய புல்லின் வாசம். அவசரமே இல்லாத நடை, தன் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்ட ஒருவரின் நடை.

எல்லாரும் இறங்கி அள்ளினார்கள். அம்மா மட்டும் கரையில் நின்றாள். குடத்தை இடுப்பளவு உயரத்தில், இரண்டு கைகளாலும் முன்னுக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள்.

"அள்ளன் மச்சாள், ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றாள் பூரணம் மாமி.

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். ஊற்றுவதற்கு யாரையோ அவை காத்துக்கொண்டிருந்தன. பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் வரை இறங்கி, குனிந்து, இரண்டு கைகளையும் கூட்டி அள்ளிக் குடித்தாள். திரும்பவும் அள்ளினாள். பன்னிரண்டு தரம் அள்ளிக் குடித்து, பற்கள் கிடுகிடுக்கக் கரையேறி, "நல்லாய்த்தான் இருக்குது" என்றாள்.

ஆற்றுக்கு வந்தாறு என்று பெயர் வைத்தோம். முதல் வாரமே பெரியவளவுக்காரர் வந்து, இறங்குதுறையில் இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் உள்ள மேல்பகுதி தங்களுக்கு, அதற்குக் கீழே மீன்பிடிக்காரருக்கு, கடைசியில் உவரடிக்கு என்று தடி நட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் ஆறு நின்றது, ஒரு பெருமூச்சு விட்டது, திரும்பி ஓடத் தொடங்கியது. கடலேற்றத்தோடு ஒருதரமும் இறக்கத்தோடு ஒருதரமும் திசை மாறுவது அதன் பழக்கம். காலையில் அவர்கள் குளித்த தண்ணீர் எங்களிடம் வந்தது, மாலையில் நாங்கள் குளித்த தண்ணீர் அவர்களிடம் போனது. அவர்கள் தடியைப் பிடுங்கி மறுபக்கம் நட்டார்கள், திரும்பவும் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டார்கள். நான்கு நாளில் தடியே தேய்ந்துபோனது. கோயில் ஐயரைக் கூப்பிட்டுத் தீட்டுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். அவர் கரையில் நின்று ஆறு இரண்டு தரம் திரும்புவதைப் பார்த்துவிட்டு, "இதிலை மேல் எது கீழ் எது எண்டு நான் சொல்லமாட்டன்" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கி முழுகினார்.

பிறகு தீவு ஆற்றோடு வாழப் பழகியது. விலாங்குகள் வந்தன, மீன் போட்டுக் காய்ச்சும் கூழுக்கு அவற்றைவிட ருசி வேறில்லை என்று ஆனது. வெள்ளை உடம்பும் செம்மஞ்சள் சொண்டும் உள்ள வாத்துகள் வந்து, பள்ளிக்கூட மணி அடித்ததும் வரிசையாகப் போகப் பழகின. தை மாதத்தில் ஒரு காலை கரையோரம் கண்ணாடிபோல உறைந்தது, பெண்கள் குதிக்காலால் உடைத்து அள்ளிக் காய்ச்சல்காரருக்கு நெற்றியில் வைத்தார்கள். வயதுக்கு வந்து சாமத்தியப்பட்ட பிள்ளைகளுக்கு ஆற்றில் இருந்து நேரே தண்ணீர் வார்த்தார்கள், சளி பிடித்தது, பரவாயில்லை என்றார்கள். நான் எழுதுவினைஞராக இருந்த பிரதேச அலுவலகத்தில் இருந்து, தீவில் நீர்நிலைகள் இல்லை என்ற பழைய பதிவைத் திருத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினோம். குறித்த ஆறு எந்தத் திகதியில் இருந்து அவ்விடத்தில் உள்ளது என்பதற்கான அத்தாட்சியை இணைக்கும்படி பதில் வந்தது. இணைப்பதற்கு நான் ஒரு போத்தலில் ஆற்றை நிரப்பிக் கொடுத்தேன். மேலதிகாரி அதைக் குடித்துவிட்டார்.

அம்மா வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் நட்டாள். உவரடியில் அதற்குமுன் உப்புப்பூண்டைத் தவிர வேறெதுவும் முளைத்ததில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து பாத்திக்கு ஊற்றுவாள், திரும்பிப் போய் இன்னொரு குடம் அள்ளுவாள். தேவைக்கு மேலும் அள்ளினாள். நிறைந்த குடத்தை ஆற்றிலேயே கவிழ்த்துவிட்டுத் திரும்பவும் அள்ளுவதை நான் கண்டிருக்கிறேன். அவள் பேசவும் தொடங்கியிருந்தாள். ஒருநாள் பூரணம் மாமியையே பேச்சில் மடக்கிவிட்டாள், மாமி வாயில் கை வைத்து, "ஆத்துத்தண்ணி குடிச்சு உனக்கு நாக்கு நீண்டுபோச்சு மச்சாள்" என்றாள்.

"அப்ப நீ பிறந்ததே ஆத்துக்குள்ளையோ?" என்று கேட்டாள் அம்மா.

ஆனால் பெரியவளவுக் கிணற்றடியில் மனோன்மணி நாச்சியார் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு வந்து நின்றார். ஐம்பது வருடமாக ஊற்றிய கை. அவர் அள்ளி பீலியில் ஊற்றுவார், வெளியே குடம் இல்லை, தண்ணீர் மண்ணில் விழும். திரும்பவும் ஊற்றுவார். அந்த இடத்தில் புல் முளைத்தது. மதிலுக்கு வெளியே போகிறவர்களுக்கு அவருடைய குரல் கேட்கும். "இவ்வளவு காலமும் ஊத்தினன். ஒரு நன்றி இருக்குதோ இந்தச் சனத்துக்கு?" அவர் கெட்டவர் அல்ல என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னேன்.

அவருடைய தம்பி தில்லைநாயகம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தான் எழுபது வருடம் அந்தப் பலகையின் கீழால் போய் வந்தும் கவனிக்காத ஒன்றை அந்த மாசியில் கவனித்தார். தீவின் பெயர் அந்நியப் பெயர். உடனே பெயர் மீட்புச் சபை ஒன்றைத் தொடங்கினார். கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஏறி அவர் கையை உயர்த்தினார்.

"முந்நூறு வருசம்! எங்களைக் கேளாமல், எங்கட கடலைக் கடந்து வந்த ஒருத்தன், எங்கட மண்ணிலை தன்ர ஊரின்ர பேரை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அதை நாங்கள் தலையிலை சுமக்கிறம். பேர் போனால் மானம் போச்சு. எங்கட பேரை எங்களுக்குத் தாருங்கோ!"

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். உவரடி இளைஞர்களும் எழும்பி நின்று தட்டினார்கள். பூரணம் மாமி விசில் அடித்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதே சொற்களை நான் கம்பஸில் கட்டுரையாக எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். கேளாமல் பெயர் வைப்பது எப்படிப்பட்ட அநியாயம் என்பது உவரடியில் பிறந்த எனக்குத் தெரியாததா, அங்கே பிறந்த என் சின்ன வயதுக் கூட்டாளிகளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதை இதே தலைமை ஆசிரியர் கேட்டுக்கொண்டுதானே வெற்றிலை போட்டார். சரியான சொற்களை எடுத்து, கழுவித் துடைத்து, எங்கள் கழுத்தில் கத்திபோல வைத்துக்கொண்டிருந்தார். மீட்கிற பெயர் எது என்று யாரோ கேட்க, "பெருங்கிணற்றுத்தீவு, வேறை என்ன?" என்றார்.

ஆறு ஏன் வந்ததென்று எனக்கு மட்டும் தெரியும். நான் எழும்பி நின்று சொல்லியிருக்க வேண்டும். பின்வரிசையில், தூணின் மறைவில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பின் நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்தபோது என் மடியில் ஒரு கைப்பிடி நூல் இருந்தது.

பெயர்மாற்ற விண்ணப்பம் என் மேசைக்கே வந்தது. ஆட்சேபனை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்ற அறிவித்தலை நான்தான் தட்டச்சு செய்தேன், நான்தான் பலகையில் குத்தினேன். மேலதிகாரியிடம் மெல்லப் போய், பெயர் போனால் ஆறும் போய்விடும் ஐயா, அது அந்தப் பெயரைத் தேடித்தான் வந்தது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு வேறை பகுதி, பேர் வேறை பகுதி பிள்ளை. ரெண்டையும் ஒரே கோப்பிலை போடக்கூடாது."

அன்று பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இறங்குதுறையில் கேட்ட பேச்சு, அணை, ஆறு, எல்லாம். அவள் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உனக்கு இது முதலே தெரியும்."

"ஓம் அம்மா."

"கூட்டத்திலை சொன்னனியோ?"

நானும் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினேன். அம்மா கையைத் தட்டிவிட்டு எழும்பினாள். "அடுத்த கூட்டம் எப்ப?"

அடுத்த கூட்டத்தில் அம்மா எழும்பி நின்றாள். அவள் நிற்பதைக் கண்டதும் மண்டபமே திரும்பிப் பார்த்தது, அவளுக்குக் குரல் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. குடத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளும் முன்னுக்கு வந்திருந்தன, அவள் அதைக் கவனித்து இறக்கிக்கொண்டாள்.

"ஒண்டு கேக்கோணும். பேரை மாத்தினால் ஆறு போயிடும் எண்டு என்ர பிள்ளை சொல்லுறாள். போனால் நாங்கள் என்ன செய்யிறது?"

தில்லைநாயகம் மாஸ்டர் சிரித்தார். கோபமில்லாத, அன்பான சிரிப்பு. "வந்த ஆறு தானே ரஞ்சிதம், போனால் போகட்டும். ஏன் பயப்பிடுறாய்? கிணறு இருக்குது. பீலி இருக்குது. அக்கா இருக்கிறா."

முன்வரிசையில் இருந்து சிரிப்பு எழும்பி, வரிசை வரிசையாகப் பின்னுக்கு வந்தது. உவரடி இளைஞர்களிலும் சிலர் சிரித்தார்கள், மானத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிக் கேட்டுவிட்டாளே என்ற கூச்சத்தில். அம்மா சிரிப்பு முடியும் வரைக்கும் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

முப்பது நாள் முடிந்தது. ஆட்சேபனை என்று ஒன்றே ஒன்று வந்திருந்தது, என் கையெழுத்தில், என் பெயரில். தபால் முத்திரை இல்லை என்று அதைத் தள்ளிவைத்தார்கள். அலுவலகத்துக்குள் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போக முத்திரை எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சித்திரையில் மேளதாளத்தோடு விழா நடந்தது. சீமெந்தால் ஒரு வளைவு கட்டி, அதில் பெருங்கிணற்றுத்தீவு என்று பொன்னிறத்தில் எழுதியிருந்தார்கள். பாலைமரத்தில் செய்த பழைய பலகையைக் கழற்றி, ஆறடி நீளம், நான்கு பேர் தூக்கி, இறங்குதுறைக்குப் பின்னால் இருந்த நாயுண்ணிப் பற்றைக்குள் எறிந்தார்கள். பூரணம் மாமி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்ச் சர்க்கரைப்பொங்கல் வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மா அதைக் கையால் தொடவில்லை. "பொங்கல் என்னடி செய்தது?" என்று மாமி கேட்டாள். "பொங்கலுக்கு எந்தத் தண்ணி?" என்று அம்மா கேட்டாள்.

ஆறு ஒழுங்காகப் போனது, வந்ததைப் போலவே. முதல் நாள் வாத்துகள் பள்ளிக்கூட மணிக்குக் காத்திராமல் வரிசையாகக் கடலுக்குள் இறங்கிப் போயின. இரண்டாம் நாள் குளிர் போனது, தண்ணீர் எங்கள் கிணறுகளைப்போல வெதுவெதுப்பானது. மூன்றாம் நாள் காலை மேற்கே திரும்பிய ஆறு கிழக்கே திரும்பவில்லை. உவரடியின் நடுவால் சேற்றுக்கோடு ஒன்று கிடந்தது, அதில் விலாங்குகள் நெளிந்துகொண்டிருந்தன, மத்தியானத்துக்குள் அவையும் நெளியவில்லை. மேற்குக்கரைச் சனங்கள் வந்து பார்த்தார்கள், "ம்" என்றார்கள், வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். மூன்று நாளில் வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. இன்னும் பத்து நாள் தண்ணீர் கிடைத்திருந்தால் கிண்டியிருக்கலாம்.

ஆறு வற்றிய அடுத்த நாளே, காலை ஆறு மணிக்கு உவரடி முழுவதும் குடங்களோடு பீலியடிக்குப் போனது. முளைத்திருந்த புல்லை மிதித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். விசில் அடித்தவர்களும் நின்றார்கள். மதிலுக்கு உள்ளே கப்பி கிறீச்சிட்டது. பிறகு மனோன்மணி நாச்சியாரின் குரல் கேட்டது, முகம் இல்லாமல், பீலியின் ஓட்டைக்குள்ளால்.

"வந்திட்டியளோ? ஆறு முடிஞ்சுதோ?"

யாரோ இருமினார்கள்.

"ஆர், பூரணமோ? பட்டுச்சேலைக்காரி. கொஞ்சம் பொறு, கை நோகுது." தண்ணீர் நூல்போல வந்தது. பூரணம் மாமி, தீவின் பெரிய தொண்டைக்காரி, குடத்தைப் பீலியில் முட்டாமல் பிடித்துக்கொண்டு, "ஓம் நாச்சியார்" என்றாள்.

அப்போதுதான் அம்மா வரிசையில் இல்லை என்று கண்டேன். நான் வீட்டுக்கு ஓடினேன், அங்கே இல்லை. சேற்றுக்கோட்டின் வழியே நடந்து இறங்குதுறைக்குப் போனேன். அம்மா நாயுண்ணிப் பற்றைக்குள் நின்று பழைய பெயர்ப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் முள் கீறியிருந்தது.

"அம்மா, அதை நட்டாலும் ஆறு வராது. வளைவிலை வேறை பேர் இருக்குது."

"ஆத்தை ஆர் கேட்டது?" என்றாள். "மற்றத் தலைப்பைத் தூக்கு."

நான் தூக்கினேன். பாரமாக இருந்தது. முன்னால் அம்மா, பின்னால் நான், நடுவில் பலகை. வளைவுக்குக் கீழால் போனோம், சந்தைக்கு முன்னால் போனோம், கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே பார்த்தார், பள்ளிக்கூடத்து வேலியோரம் போனோம். என்னை எல்லாரும் பார்த்தார்கள். பீலியடிக்கு வந்தபோது வரிசை விலகி வழிவிட்டது.

"மச்சாள், உனக்கென்ன விசரே?" என்றாள் பூரணம் மாமி. "எங்கை போறாய்?"

பெரியவளவுக் கிணற்றடி மதிலில் ஒரு படலைக் கதவு உண்டு. அதற்குப் பூட்டுக் கிடையாது, ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அம்மா அதை முதுகால் தள்ளித் திறந்தாள். மனோன்மணி நாச்சியார் ஒரு கையில் கயிற்றோடு திரும்பினார். அவருடைய முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன், சின்ன முகம், மூக்கில் வேர்வை.

"ரஞ்சிதம்! படலைக்கு அங்காலை நில்! தம்பி! தம்பி, இஞ்சை ஓடிவா!"

உள்வீட்டில் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. கிணற்று வாயின் குறுக்கே அவர்களுடைய பலகை கிடந்தது, கழுவி, மஞ்சள் பூசி. அம்மா அதைப் பார்த்தாள்.

"உங்கட பலகையிலை நான் ஏறேல்லை நாச்சியார். பயப்பிடாதையுங்கோ. அதைப் பிளந்து அடுப்பிலை வைக்கத் தேவையில்லை."

நாங்கள் எங்கள் பலகையை அதற்குப் பக்கத்தில், கிணற்று வாயின் குறுக்கே இறக்கினோம். எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அதில் ஏறினாள், நடுவுக்கு நடந்தாள், ஆட்டிப் பார்த்தாள், நின்றாள். பின்னால் மாஸ்டர் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா கையை நீட்டி, நாச்சியாரின் கையில் இருந்து கயிற்றை எடுத்து, வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.